29-ஆம் தேதிச் சாப்பாடு

மாதக் கடைசியில் குடும்பம் நடத்துவோர் படும் பாடு எல்லா நாடுகளுக்கும் பொது. தென் அமெரிக்காவின் அர்ஜென்டீனா மக்களோ அந்தப் பாட்டையே ஒரு சிறு விருந்தாக்கிக் கொண்டனர்.

தலைநகரான புவெனஸ் அயர்ஸில் போதெகோன் என்னும் எளிய உணவு விடுதிகள் உண்டு. ஆடம்பரம் இராது. மேசைமீது காகித விரிப்பு, பெங்குவின் பறவை வடிவில் ஒரு மதுக் குடுவை, ஒருவருக்கென்று வந்தாலும் இருவர் உண்ணுமளவு நிறைந்த தட்டு. மெல்லியதாகத் தட்டிய மாட்டிறைச்சியை முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மிலனேசா அங்கே பெரிதும் விரும்பப்படுவது. அதன்மேல் பன்றித் தொடைக்கறி, தக்காளிச் சாறு, பாலாடைக்கட்டி இவற்றைச் சேர்த்தால் மிலனேசா நாப்போலித்தானா. பெயரில் நாப்போலி நகரம் இருப்பினும், அது பிறந்தது புவெனஸ் அயர்ஸிலேதான்!

இவ்வுணவுகள் பல கப்பலேறி வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, பிழைப்புத் தேடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் இந்நாட்டில் வந்திறங்கினர். 2025-இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், அப்படி வந்த ஒரு குடும்பத்தில் 1936-இல் இந்நகரிலேயே பிறந்தவர்.

அவர்கள் கொணர்ந்தவற்றுள் நம் மனத்தைக் கவர்வது ஞோக்கி. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்குடன் மாவு பிசைந்து, சிறு உருண்டைகளாக நறுக்கி, முள்கரண்டியில் அழுத்தி வரியிட்டு, கொதிநீரில் இடுகிறார்கள். வெந்தவை தாமே மேலே மிதந்து வரும். கிழங்கும் மாவும் தவிர அதிகச் செலவில்லை. ஆகவே சம்பளத்துக்கு முந்தைய நாள்களின் உணவாயிற்று. ஒவ்வொரு மாதமும் 29-ஆம் தேதி வீடுகளிலும் போதெகோன்களிலும் ஞோக்கி உண்பது வழக்கம். அந்த உருளைக்கிழங்கும் ஆதியில் தென் அமெரிக்க மலைநாட்டிலிருந்து ஐரோப்பா சென்றதே. இத்தாலியப் பாட்டிமார் கையால் வேறு உருவெடுத்துத் தாயகம் திரும்பியிருக்கிறது.

இவ்வழக்கத்துக்குப் புனித பந்தலெயோனைப் பற்றிய ஒரு கதை சொல்வார்கள். வழிப்போக்கராக வந்த அவருக்கு ஏழை உழவர் சிலர் தம்மிடமிருந்த சிறிதையும் பகிர்ந்தளிக்க, அவர் நல்விளைவு உண்டாகுமென்று வாழ்த்திச் சென்றாராம். இது மக்கள் வாய்மொழி. வரலாறு என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. வரும் மாதம் குறைவின்றி இருக்கட்டுமென்று தட்டின் அடியில் ஒரு பணத்தாளை வைத்துவிட்டே உண்கிறார்கள். வேலை செய்யாமல் மாதக் கடைசியில் சம்பளத்துக்கு மட்டும் தலைகாட்டும் அரசு ஊழியனுக்கும் அந்நாட்டில் 'ஞோக்கி' என்றே பட்டப்பெயர்!

அந்தப் பணத்தாளும் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 2001 டிசம்பரில் வங்கிகள் முடங்க, சேமித்த சொந்தப் பணத்திலிருந்து வாரத்துக்கு 250 பேசோ மட்டுமே எடுக்க இயன்றது. 2023 டிசம்பர் ஒரு மாதத்திலேயே விலைவாசி 25.5 விழுக்காடு ஏறிற்று. நவம்பர் 29-இல் தட்டின்கீழ் வைத்த தாள், அடுத்த 29-ஆம் தேதி வருவதற்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழந்திருந்தது. அன்றும் தட்டின்கீழ் ஒரு தாளை வைத்துவிட்டே முள்கரண்டியைக் கையில் எடுத்தார்கள்.