பழைய புல்லட்டும் கல்நார்த் தூசியும்

கடனா நதி பாயும் வயல்களின் நடுவே அமைந்த ஆழ்வார்குறிச்சிக்கும் இயந்திரத் தொழிலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கக்கூடும். சென்னையில் சிம்சன் நிறுவனத்தை வளர்த்து, அமால்கமேஷன்ஸ் என்னும் தொழிற்குழுமத்தை உருவாக்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் (1905–1964) இவ்வூர்க்காரரே. 1949இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ் அக்குழுமத்தைச் சேர்ந்தது.

அதே சென்னையின் திருவொற்றியூரில் 1955இல் தொடங்கியது என்பீல்டு தொழிற்சாலை. எல்லைக் காவலுக்கென நம் இராணுவம் கேட்ட 350 சி.சி. புல்லட்டுகளே அது பிறக்கக் காரணமாயின. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் 1970இல் மூடப்பட்ட பின்னரும் இங்கே உற்பத்தி தொடர்ந்தது. தந்தையார் ஓட்டிய வண்டியை விற்க மனமின்றித் திண்ணையோரம் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் இன்றும் உண்டு. மகனோ பேரனோ ஒரு விடுமுறையில் அதனை மீண்டும் ஓட வைக்க முனையும்போதுதான், சைலன்சர் குழாய் கழல மறுத்து அடம் பிடிக்கிறது.

அது ஏன் இறுகுகிறது? பழைய புல்லட்டின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அதன் துளைக்குள் செருகப்பட்டிருக்கும் புகைக்குழாயோ இரும்பு. இருவேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு விரைகிறது. ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் அந்த ஈரத்தைத் தவறாமல் அளிக்கின்றன. எண்ணெய் எரிந்த கரியும் அதனோடு சேர்ந்து காரைபோல் கெட்டிப்பட்டு விடுகிறது. ஜாவா, எஸ்டி வண்டிகளில் குழாயைப் பிடித்திருக்கும் வளைய நட்டு மரையோடு மரையாக இறுகிவிடும், துன்பம் ஒன்றேதான்.

இங்கே சுத்தியலை எடுப்பவன் தோற்றான். ஓர் அடி தவறினால் ஹெட்டின் மெல்லிய அலுமினியச் சிறகு ஒடிந்துவிடும். முதலில் பெட்ரோல் டாங்கைக் கழற்றி அப்பால் வைத்துவிட வேண்டும். குழாயைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மூட்டைச் சுற்றித் துருநீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு அப்படியே விடுவது நலம். மறுநாள் எண்ணெயை நன்கு துடைத்துவிட்டு, கொதிநீரில் நனைத்த துணியை ஹெட்டின்மேல் சுற்றிச் சூடாக்கலாம். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. ஆதலின் துளை சற்றே அகன்று குழாயை விடுவிக்கிறது. நேராக இழுக்காமல், இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுவதில் தவறில்லை.

ஹெட்டைக் கழற்றும்போது நட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் சுற்று வீதம் தளர்த்துவது வழக்கம். ராக்கர்களை எடுத்த பின்னும் ஹெட் அசையாவிடில், ஸ்பார்க் பிளக்கை அதன் இடத்திலேயே விட்டு, கிக்கரை நிதானமாக மிதித்தால் போதும். உள்ளே அடைபட்ட காற்றே அதனைத் தூக்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்புவது, வண்டியை நேசிப்பவர் செய்யத் தகாத செயல்.

இதுவரை சொன்னவற்றில் பிழை நேர்ந்தால் இழப்பு பணம் மட்டுமே. இனிச் சொல்வது அவ்வாறன்று. ஹெட் நீங்கியதும் அடியில் கருகிப்போன பழைய கேஸ்கட் தென்படும். பட்டறைகளில் இதனைப் பேக்கிங் என்பர். அக்காலத்துக் கேஸ்கட்டுகள் பலவற்றில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருந்தது. பிரேக் கட்டைகளிலும் கிளச் தட்டுகளிலும் அதுவே. எது கல்நார், எது வேறு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது; எனவே பழையவை அனைத்தையும் கல்நார் என்றே கொள்ள வேண்டும்.

காய்ந்த கேஸ்கட்டை உளியால் சுரண்டி, வாயால் ஊதி, கம்பித் தூரிகையால் தேய்க்கும் பையன்களை எத்தனை பட்டறைகளில் காண்கிறோம்! கண்ணுக்குப் புலப்படாத அந்நார்கள் நுரையீரலில் தங்கிவிடுகின்றன. நோய் தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். பதினாறு வயதில் சுவாசித்தது ஐம்பதில் மூச்சுத் திணறலாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம். இதனை உணர்ந்தே நம் உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் காக்குமாறு பணித்தது. தெருவோரப் பட்டறைப் பையனுக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது?

வீட்டிலுள்ளோரும் தப்புவதில்லை. தொழிலாளியின் உடுப்பை உதறித் துவைத்த மனைவியர் இந்நோய்க்கு இரையான செய்திகளைப் பல நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஆகவே கேஸ்கட்டைத் தொடுமுன், சிறிது சோப்பு கலந்த நீரைத் தெளித்து அது நன்றாக ஊறும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடே, மர அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் பெயர்க்க வேண்டும். இரும்பு உளி அலுமினியத்தில் கீறல் இட்டால் பின்னர் அவ்வழியே காற்று கசியும் என்பதும் ஒரு காரணம். முகத்தில் கைக்குட்டை கட்டுவது இத்தூசிக்குத் தடையாகாது. பெயர்த்த துண்டுகளையும் துடைத்த துணியையும் ஈரமாகவே இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டிவிட வேண்டும். எரிப்பதும் துடைப்பத்தால் பெருக்குவதும் கூடா. வேலையைக் குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் வைத்துக்கொள்ளாதிருத்தல் நன்று. உடுப்பை உதறாமல் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும்.

புதிய கேஸ்கட்டுகள் கல்நார் இன்றிக் கிடைக்கின்றன. வாங்கும்போது கேட்டு வாங்கலாம். குழாயை மீண்டும் செருகுமுன் அதன் வாயில் செம்புத்தூள் கலந்த கிரீஸைச் சிறிது தடவி வைத்தால், அடுத்த முறை கழற்றுபவருக்குக் கொதிநீர்கூடத் தேவைப்படாது.