நன்னீரா, கடல்நீரா?
வீட்டு மீன்தொட்டிக்கு ஒரு கணக்கு

சென்ற மே மாத விடுமுறையில் ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவன் என்னிடம் வந்தான். "சார், மீன்தொட்டி வைக்கலாம்னு அப்பா ஒத்துக்கிட்டாரு. நல்ல தண்ணி மீன் வாங்கறதா, கடல் மீன் வாங்கறதா?" என்று கேட்டான். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அங்கே இரண்டு வகையையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் அவன் மனத்தைப் பறித்துவிட்டது.

எது அழகு என்று கேட்டால் நான் பதில் சொல்லப் போவதில்லை. அது அவரவர் விருப்பம். எது உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் என்று கேளுங்கள். அதற்குப் பௌதிகம் ஓரளவு பதில் சொல்லும். அந்தப் பதிலை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் மீனின் உடம்பைப் பார்ப்போம். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கிறது. மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் போட்டுப் பிசறி வைத்தால் நீர் விட்டுக்கொண்டு சுருங்குகின்றன. இரண்டும் சவ்வூடு பரவல்தான். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து செல்கிறது. எலும்புள்ள மீன்களின் உடல் திரவத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் உப்பு உண்டு; ஆற்று மீனானாலும் கடல் மீனானாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆற்று நீரில் உப்பு மிகமிகக் குறைவு. கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம்.

ஆகவே நன்னீர் மீன் எப்போதும் திராட்சையின் நிலையில் இருக்கிறது. செவுள் வழியாக நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அது தண்ணீர் குடிப்பதில்லை என்றே சொல்லலாம். மாறாக, நீர்த்த சிறுநீரை ஓயாமல் வெளியேற்றுகிறது. கடல் மீன் மாங்காய்த் துண்டின் நிலையில் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதன் உடம்பு வற்றிக்கொண்டே இருக்கிறது. எனவே அது கடல்நீரைக் குடிக்கிறது. மிகுதியான உப்பைச் செவுளில் உள்ள சிறப்பு அணுக்கள் வழியே வெளியே தள்ளுகிறது. இரண்டு மீன்களும் நாள் முழுவதும் எதிரெதிர்த் திசையில் இறைக்கும் பம்புகள்! இடம் மாற்றி விட்டால் பம்பு தவறான திசையில் இறைக்கிறது, மீன் இறந்துபோகிறது. கழிமுகங்களில் திரியும் கொடுவா, பால்கெண்டை போன்ற சில மட்டும் இரு திசையிலும் இறைக்கத் தெரிந்தவை. கடையில் மலிவாகக் கிடைக்கும் மோலி மீனும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். மெல்ல மெல்லப் பழக்கினால் கடல்நீரிலும் வாழும்.

இனி மூச்சு. 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே வெப்பத்தில், காற்றோடு நன்கு கலந்த ஒரு லிட்டர் நன்னீரில் இருப்பது 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. கடல்நீரில் அதுவும் இல்லை, சுமார் 6.4 மில்லிகிராம்தான். உப்பு மிகும்போது நீரில் வாயு கரைவது குறைகிறது. வெப்பம் மிகும்போதும் குறைகிறது. கோடையில் மின்சாரம் நின்று காற்றுப் பம்பு ஓய்ந்துவிட்டால், கடல்நீர்த் தொட்டியில் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். பேட்டரியில் ஓடும் சிறு பம்பு ஒன்று வீட்டில் இருப்பது எந்தத் தொட்டிக்கும் நல்லது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விளிம்பு வரை நீர் ஊற்றி மீன் விடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. ஆக்சிஜன் நுழையும் நீர்ப்பரப்பைக் கழுத்து போல் சுருக்கிவிட்டு, உள்ளே ஓர் உயிரை அடைக்கிறோம்.

எடையையும் கணக்கிட்டுவிடுவோம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் 27 செ.மீ. வரை நீர் விட்டால் 48.6 லிட்டர். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆளின் எடை. முன்பக்கக் கண்ணாடியை நீர் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது? சராசரி அழுத்தத்தைப் பரப்பால் பெருக்குங்கள். சுமார் 22 கிலோகிராம் எடைக்குச் சமம் என்று வரும். தொட்டியை 90 செ.மீ. நீளமாக்கி, நீரை 45 செ.மீ. உயர்த்தினால் அதே விசை 91 கிலோகிராம் எடைக்கு ஏறிவிடுகிறது. நீளம் ஒன்றரை மடங்குதான். ஆழம் இரு மடங்குகூட இல்லை. ஆனால் விசை ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கடல்நீருக்கு இதற்கு மேல் நூற்றுக்கு இரண்டரை கூடும், அது பெரிதல்ல. தொட்டி ஒட்டுபவரிடம் கண்ணாடியின் தடிமனைக் கேட்கும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் கோமாளி மீன் ஆசை வந்தது. 50 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள், நீலநிறச் சிறுமீன் ஒன்று. கடல்நீரைப் பிளாஸ்டிக் கேன்களில் கொண்டுவந்து வடிகட்டி வைத்துக்கொண்டேன். கோடை வந்தது. நீரின் வெப்பம் 32 டிகிரியைத் தொட்டது. நான் பௌதிக ஆசிரியர் அல்லவா, உடனே ஒரு வழி கண்டேன். மேசை விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி வைத்தேன். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் வராத பட்சத்தில் 50 லிட்டர் நீரை 11 டிகிரிக்கு மேல் குளிரச் செய்யும். அறையிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் எனக்குக் கிடைத்தது 3 டிகிரிதான். அதுவே போதும் என்று மகிழ்ந்தேன். மண்பானையின் தத்துவத்தை வகுப்பில் சொல்லும்போது என் தொட்டியையே எடுத்துக்காட்டாகக் கூறினேன்.

நாள்தோறும் ஒரு லிட்டர் நீர் குறைந்தது. குறைந்த அளவுக்குக் கேனிலிருந்து கடல்நீரை ஊற்றி வந்தேன். கடல் மீனுக்குக் கடல்நீர்தானே?

மூன்றாவது வாரம் மீன்கள் இரை எடுக்கவில்லை. நீர் கெட்டுவிட்டதோ என்று அம்மோனியா சோதனை செய்து பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டே நாளில் மூன்றும் இறந்துவிட்டன. பிறகுதான் திரவமானியைத் தேடி எடுத்து மிதக்கவிட்டேன். கடல்நீரின் ஒப்படர்த்தி 1.026 அளவில் இருக்க வேண்டும். அது 1.037 காட்டியது.

தவறு எங்கே என்று நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நானோ ஒவ்வொரு லிட்டரோடும் 35 கிராம் உப்பைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தேன். 21 நாளில் 735 கிராம். தொட்டியில் முதலில் இருந்தது 1,750 கிராம். இரண்டையும் கூட்டி 50-ஆல் வகுத்தால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 50 கிராம்! உப்பளத்துப் பாத்தியில் என்ன நடக்கிறதோ, அதையே என் வீட்டு மேசைமேல், விசிறியும் வைத்து, நடத்தியிருக்கிறேன். குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய நீரை ஊற்றியிருந்தால் அந்த மூன்றும் பிழைத்திருக்கும். எட்டாம் வகுப்புப் பாடம்தான். தெரிந்த பாடம் தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

நன்னீர்த் தொட்டியில் இந்தத் தவறு இவ்வளவு விரைவாகக் கொல்லாது. அதனால்தான் முதல் தொட்டி நன்னீராக இருக்கட்டும் என்கிறேன்.

திரவமானி கிடைக்காவிட்டால், எண்கள் குறித்த பால்மானியை உபயோகிக்கலாம். பசும்பாலின் ஒப்படர்த்தி 1.030-ஐ ஒட்டியது, கடல்நீர் அதற்குச் சற்றே கீழே. ஆகையால் பால்மானியில் 25, 26 என்று நின்றால் கடல்நீர் சரி. சோதனைக் குழாயில் மணல் போட்டு மிதக்கவிட்டு நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். நன்னீரில் 15 செ.மீ. மூழ்கும் குழாய் கடல்நீரில் 14.6 செ.மீ. மூழ்கும், வேறுபாடு 4 மி.மீ.கூட இல்லை. கடையில் விற்கும் கருவிக்கு அடியில் குமிழும் மேலே மெல்லிய தண்டும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது தானாகப் புரியும்.

"சமையல் உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யலாமே சார்?" என்றும் அந்த மாணவன் கேட்டான். கூடாது. தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீர் வற்றும்போது ஜிப்சம் படிகிறது. அடுத்து நாம் உண்ணும் உப்பு. மெக்னீசிய உப்புகள் கடைசிவரை கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. உப்பளத்தார் வேண்டாம் என்று ஒதுக்குபவை மீனுக்கு வேண்டும். அவற்றையும் சேர்த்த கடல் உப்புக் கலவை கடைகளில் கிடைக்கிறது, விலைதான் அதிகம்.

அம்மோனியா என்றேன் அல்லவா? மீனின் கழிவு அது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனை விடுபவர்களின் மீன்கள் இரண்டாம் வாரத்தில் இறப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கடல்நீரில் இந்த ஆபத்து அதிகம். நீரின் பி.எச். 7 ஆக இருந்தால் அம்மோனியாவில் நூற்றில் அரைப்பங்குதான் நச்சு வடிவத்தில் இருக்கும். கடல்நீரின் பி.எச். 8.2. அங்கே நூற்றில் ஆறேழு பங்கு நச்சாகிவிடும்.

தொட்டி சிறியதாக இருந்தால் பராமரிப்பு எளிது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 20 லிட்டர் தொட்டியில் நூற்றுக்கு ஐந்து பங்கு மாற்றம். 200 லிட்டர் தொட்டியில் அரைப்பங்கு. வெப்பமும் அப்படித்தான். கடல்நீர் வைத்தே தீருவேன் என்றால் 150 லிட்டருக்குக் குறையாமல் வையுங்கள். பவளம் வேண்டாம். வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி மிகுந்து சில வாரங்கள் நீடித்தால், பவளத்தோடு கூடிவாழும் பாசி அதைவிட்டு நீங்கிப் பவளம் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவிலேயே இது நடந்தது. கடலே தாங்காததை நம் வரவேற்பறைத் தொட்டி எப்படித் தாங்கும்? மேலும் கடற்பவளங்களும் கடற்குதிரைகளும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வாங்கக்கூடாது.

மீன் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டறியுங்கள். கப்பி, மோலி, பொன்மீன், தேவதை மீன் முதலியவை பண்ணைகளில் பிறந்து வளர்ந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. கோமாளி மீன் இதற்கு ஒரு விலக்கு. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்ப்புத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்திருக்கிறார்கள்.

இந்த மோகத்தின் விளைவை முன்பே ஒருவர் கண்டார். பிலிப் கோஸ் என்ற ஆங்கில இயற்கையியலார் 1854-இல் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றி எழுதிய புத்தகம்தான் 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பரப்பியது. படித்தவர்கள் வாளியும் வலையுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். அவர் நேசித்த டெவன் பகுதிப் பாறைக் குட்டைகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. தந்தை அதற்காக வருந்தியதை அவருடைய மகன் எட்மண்ட் கோஸ் 1907-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார்.

நன்னீர் மீன் என்றாலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வளர்க்கச் சலித்துவிட்டால் ஏரியில் விட்டுவிடாதீர்கள். 'தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்' என்று விற்கப்படும் தென் அமெரிக்கக் கெளுத்தி இப்படித்தான் சென்னைப் பக்கத்து நீர்நிலைகளில் புகுந்து பெருகி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டு மாணவன் கடைசியில் 90 செ.மீ. நன்னீர்த் தொட்டி வாங்கினான். கோமாளி மீன் இல்லையே என்று முகம் சுருங்கத்தான் செய்தது. முதல் ஐந்து வாரம் தொட்டியில் மீனே இல்லை. நீர், மணல், இரண்டு செடிகள், ஓடும் வடிகட்டி, தினம் ஒரு சிட்டிகை மீன் இரை. அது அழுகித்தான் நுண்ணுயிர்களுக்கு அம்மோனியா கிடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவன் கண்ணாடியின் மேல் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, நாள்தோறும் காலையில் நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நோட்டில் எழுதி வந்தான். மின்விசிறி ஓடிய நாளையும் ஓடாத நாளையும் தனித்தனியாகக் குறித்திருந்தான். ஆறாம் வாரம் நான்கு மோலிகள் வந்தன. இதை எழுதும் இன்று அவை எட்டு மாதமாக இருக்கின்றன. குஞ்சுகளை எண்ணுவதை அவன் விட்டுவிட்டான்.