18 வயசுக்கு அப்புறம் யார் கையெழுத்து? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோரிடம் கொஞ்ச நேரம் பேசினால் போதும், பேச்சு அந்தக் கேள்வியில் வந்து நிற்கும்: ‘எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பாங்க?’ விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருப்பவர்கள், சின்ன வயதில் பேச்சுப் பயிற்சி, சிறப்புப் பள்ளி என்று புதுச்சேரிக்கோ சென்னைக்கோ அலைந்தாவது சமாளித்துவிடலாம். 18 வயதில் பள்ளிக்காலம் முடிகிறது. கூடவே சட்டமும் மாறுகிறது.

அப்பா, அம்மா இயல்பான பாதுகாவலராக இருப்பது பிள்ளைக்கு 18 வயது முடியும்வரைதான். அதன்பிறகு அவர் ‘மேஜர்’. அவர் பெயரில் பேங்க் கணக்கு, மனை, என்ன இருந்தாலும் ‘நான் அவனோட அப்பா’ என்று சொல்லி நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. பேங்க் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது.

இதற்கு வழி சொல்வது 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. கோர்ட்டுக்குப் போக வேண்டாம். ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் அடங்கிய உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். திண்டிவனத்துக்காரர்களும் இதற்கு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும். அந்தச் சான்றிதழை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு, தெரபி செலவு உட்பட ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும். சேர்வதற்கு முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கிடையாது.

சரி, சான்றிதழ் வாங்கியாச்சு. பிள்ளை சுதந்திரமாக வாழ அது போதுமா?

இங்கேதான் பெற்றோர் நிதானிக்க வேண்டும். பாதுகாவலர் என்றால் எல்லா முடிவையும் அவரே எடுப்பது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது: சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு. உதவி தேவைப்பட்டால், அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் ‘வரம்புக்குட்பட்ட பாதுகாவலர்’ முறை இருக்கிறது. சம்பளத்தை எண்ணி வாங்கத் தெரிந்த பெண்ணுக்கு, என்ன துணி வாங்குவது என்பதை அண்ணன் ஏன் முடிவு செய்ய வேண்டும்?

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டில், 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து. ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும். ஆனால் வேலைக்கு முன்னால் பஸ் இருக்கிறது. திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவது நமக்கு ஒன்றுமே இல்லை. ஹாரன் சத்தம் தலைக்குள் இறங்கும் ஒருவருக்கு, தினம் நிற்கும் இடத்தில் பஸ் நிற்காவிட்டால் அன்றைய நாளே கவிழ்ந்துவிடும். முதல் மாதம் கூடவே உட்கார்ந்து, அப்புறம் நாலு சீட் தள்ளி, அப்புறம் ஸ்டாண்டில் காத்திருந்து பழக்க வேண்டியிருக்கும். 18 வயது வரை தள்ளிப்போட்டால் கஷ்டம். பத்து, பன்னிரண்டு வயதிலேயே கடைக்கு அனுப்பிச் சில்லறை வாங்கிவரச் செய்யலாம். யாருமே உதவாமல் தனியாக வாழ்வதைச் சுதந்திரம் என்று நினைத்தால், நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

இதைப் படிக்கும் நீங்கள் பெங்களூருவிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் அக்காவாக, தம்பியாக இருக்கலாம். பெற்றோருக்குப் பிறகு பாதுகாவலர் பொறுப்பு உங்கள் பெயருக்கு வர வாய்ப்பு அதிகம். சொத்து நிர்வாகம் உங்களிடம் வந்தால், நியமனமான 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். பாதுகாவலர் கவனிக்காமல் விட்டாலோ சொத்தைச் சுருட்டினாலோ, அவரை நீக்கக் கோரிப் பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற நிறுவனமோ அதே குழுவிடம் மனு கொடுக்கலாம்.