பயிற்சியின் பலன் வார்டில் தெரிய வேண்டும்

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில், கீமோதெரபி முடித்தவருக்கு வரும் காய்ச்சலை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது. உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கிருமித்தொற்று எனச் சந்தேகித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும்.

இரவு டியூட்டியில் இந்தக் காய்ச்சலை முதலில் பார்ப்பவர் நர்ஸ்தான். கேஸ் ஷீட்டில் எண்ணைக் குறித்தால் போதாது. கீமோ எப்போது ஏறியது, நாடி எகிறுகிறதா, ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று சேர்த்து யோசித்து டாக்டரை அழைக்க வேண்டும். நர்ஸின் இந்தச் சிந்தனையை அமெரிக்கப் பேராசிரியர் கிறிஸ்டீன் டானர் 2006-ல் நான்காகப் பிரித்தார்: கவனித்தல், பொருள் புரிதல், செயல்படுதல், செய்ததை எண்ணிப் பார்த்தல்.

இதற்குப் பயிற்சி தரலாம். அதனால் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்பதே கேள்வி. பிரசவ வார்டுகளில் நடந்த இரண்டு ஆய்வுகளில் இதற்கு விடை தேடலாம்.

உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில் நடந்த 'பெட்டர்பர்த்' ஆய்வு 2017-ல் வெளியானது. பிரசவம் பார்ப்பவர்களுக்குச் செக்லிஸ்ட் கொடுத்து, பயிற்றுநர்கள் நேரில் வந்து வழிகாட்டினார்கள். இரண்டாவது மாதத்தில், செய்ய வேண்டிய முக்கியப் பணிகளில் பயிற்சி பெற்ற இடங்களில் 73 சதவீதமும் மற்ற இடங்களில் 42 சதவீதமும் நடந்தன. ஆனால் தாய் சேய் மரணமும் கடும் பாதிப்பும் சேர்ந்த விகிதம் 15.1, 15.3 சதவீதம் என ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவின் 80 மருத்துவமனைகளில் நடந்த 'இ-மோட்டிவ்' ஆய்வு 2023-ல் வேறு முடிவைத் தந்தது. பிரசவத்துக்குப் பின் வழியும் ரத்தத்தை அளவு குறித்த விரிப்பில் பிடித்து அளந்தார்கள். அளவு மீறியதும் கருப்பையைத் தேய்த்துவிடுவது, மருந்துகள், டிரிப் எல்லாம் ஒருசேரத் தொடங்கின. கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் நேரும் மரணம் ஆகியவை சேர்ந்த விகிதம் வழக்கமான சிகிச்சையில் 4.3 சதவீதம், இங்கே 1.6.

கண்டுபிடிக்க ஓர் அளவு, கைக்கெட்டும் மருந்து, உடனே செயல்பட அனுமதி: மூன்றும் பயிற்சியோடு சேர வேண்டும் என்பதே நான் இதில் காணும் பாடம். ஒரே நர்ஸ் வார்டு முழுவதையும் பார்த்தால், எவ்வளவு நல்ல பயிற்சியும் வீண்.

ஆகவே நம் மருத்துவமனைகள் பயிற்சி முடிவில் நடக்கும் தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடக் கூடாது. காய்ச்சல் கண்ட நேரத்துக்கும் ஆன்டிபயாடிக் ஏறிய நேரத்துக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று பயிற்சிக்கு முன்னும், ஆறு மாதம் கழித்தும் எண்ணுங்கள். "இவர் நிலை சரியில்லை" என்று நர்ஸ் சொன்னால், டாக்டர்கள் எழுந்து வாருங்கள்.