மண்சரிவும் மாணவரும்

மலையகத்தாருக்கு மழை வாழ்வும் தரும். சில வேளை சாவும் தரும். கொழுந்தைத் தளிர்க்கச் செய்யும் அதே மழை, விடாது பெய்யும் இரவுகளில் லயக் காம்பராவில் கிடப்போரின் உறக்கத்தையும் கெடுத்துவிடுகிறது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதியை நாம் மறத்தலாகாது. அன்று காலை ஏழரை மணியளவில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் பிழைத்தனர். ஆனால் அவர்கள் திரும்பிச் செல்ல வீடில்லை, சிலருக்குப் பெற்றோருமில்லை. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர்.

இத்தகைய துயரைக் குறைக்க மாணவரால் ஆவதென்ன? நிரம்ப உண்டு.

மழையை அளத்தல்

மழைநீர் மண்ணுள் ஊறுந்தோறும் மண்ணின் பாரம் கூடுகிறது. மண் துகள்களிடையே உள்ள பிடிப்போ தளர்கிறது. ஆகவே, எவ்வளவு மழை பெய்தது என்பதே முதற் கேள்வி. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள உயரமான தகரப்பேணி ஒன்றும், ஓர் அடிமட்டமும் இருந்தால் போதும். கூரையும் மரமும் மறைக்காத வெளியிலே பேணியை வைத்து, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை அளந்து எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிட வேண்டும்.

இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐ எட்டினால் பத்திரங்களையும் மாற்றுடையையும் கட்டி வைத்துப் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150ஐ எட்டினாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலோ, தாமதியாது வெளியேறிவிட வேண்டும். கணக்குப் பாடத்திலே கற்ற மில்லிமீற்றர் இங்கே உயிர் காக்கும் அளவாகிறது. லயத்துக்கு ஒரு மாணவர் இப்பணியை ஏற்றால் என்ன?

மலை காட்டும் குறிகள்

மலை பெரும்பாலும் முன்னறிகுறி காட்டியே சரிகிறது. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றும். நேற்றுவரை எளிதாகத் திறந்த கதவு இறுகிக்கொள்ளும். மரங்களும் கம்பங்களும் சாயும். இல்லாத இடத்தில் ஊற்றுப் பீறிடும். ஓடிய பீலி திடீரென வற்றும், அல்லது சேற்று நீராய்க் கலங்கும். இவற்றை முதலிற் காண்பவர் பெரும்பாலும் பிள்ளைகளே. பீலிக்கரையும் தேயிலை மலையும் அவர்கள் நாள்தோறும் நடக்கும் வழியன்றோ! கண்டதை உடனே பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுதல் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம்.

பெரியோர் கடமை

பிள்ளை சொன்னால் பெரியோர் கேட்பரா? “சின்னப்பிள்ளைப் பேச்சு” என்று தள்ளுவது நம் வீடுகளில் புதிதன்று. ஒரு நாட் சம்பளம் போய்விடுமே, பூட்டிய காம்பராவில் பொருள் களவு போகுமே என்ற அச்சமும் நியாயமானதே. அதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு: நள்ளிரவில் வெளியேறி எங்கே செல்வது? உறுதியான பாடசாலையோ கோவிலோ எது என்பதை மழைக்கு முன்னரே தீர்மானித்து, அதன் வழியைப் பிள்ளைகளுடன் ஒருமுறை நடந்து பார்த்தல் நலம். தேயிலை மலையின் கான்கள் தூர்ந்து நீர் தேங்காதபடி காப்பதும், ஆபத்தான லயங்களிலுள்ளோருக்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் வழங்குவதும் தோட்ட நிருவாகத்தினதும் அரசினதும் பொறுப்பாகும். அப்பொறுப்பை மாணவர் தலையில் சுமத்தலாகாது.

மீரியபெத்தையில் எச்சரிக்கை இருந்தது; போவதற்கு இடந்தான் இருக்கவில்லை. மாணவர் மழையை அளக்கட்டும். பெரியோர் அவர்கள் சொற்கேட்டு எழட்டும். எழுந்தவர்க்குப் போக்கிடம் இருக்கட்டும். இம்மூன்றும் கூடினாலன்றி மலையகத்தார் மழை இரவில் அமைதியாய் உறங்குவதெங்ஙனம்?