காந்த நாடாவில் காப்பெடுத்தல்

மாணவர்களே, துணைத் தேக்கச் சாதனங்கள் பற்றிய வினாவுக்கு "காந்த நாடா பழையது, இப்போது பாவனையில் இல்லை" என்று எழுதும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். இது தவறான விடை. 1951 இல் யூனிவாக் கணினியுடன் பாவனைக்கு வந்த காந்த நாடா, இன்றும் பெரிய சேவையகங்களின் தரவைக் காப்பெடுக்கப் பயன்படுகிறது. காரணத்தை விளங்கிக்கொண்டால் மனனம் செய்யத் தேவையில்லை.

2011 பெப்ரவரி இறுதியில் ஜீமெயில் பாவனையாளர் சிலர் தமது அஞ்சல் பெட்டியைத் திறந்தபோது அது வெறுமையாக இருந்தது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 0.02 சதவீதத்தினரே. ஆனால் கூகிள் நிறுவனம் தரவைப் பல தரவு நிலையங்களில் பல பிரதிகளாக வைத்திருந்ததே! பின் எப்படி அழிந்தது? தேக்க மென்பொருளைப் புதுப்பித்தபோது அதிலிருந்த வழு ஒன்று பல பிரதிகளை ஒருங்கே பாதித்தது. கணினியுடன் தொடுக்கப்படாமல் வைக்கப்பட்டிருந்த நாடாக்களை மட்டும் அந்த வழுவால் தொட முடியவில்லை. மீட்பதற்கு நேரம் பிடித்தாலும் அஞ்சல்கள் நாடாவிலிருந்தே மீட்கப்பட்டன.

பலர் புள்ளி இழக்கும் இடம் இதுதான். ஒரே தரவை இரண்டு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதுவது காப்பெடுத்தல் ஆகாது. ஒரு தட்டுப் பழுதடைந்தால் மற்றது கைகொடுக்கும், உண்மை. ஆனால் நீங்கள் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அது இரண்டிலும் அக்கணமே அழியும். வைரசு புகுந்தாலும் இதே கதிதான். இயக்கியிலிருந்து கழற்றி அலுமாரியில் வைத்த நாடாவுக்கு இந்த ஆபத்து இல்லை. தீ, வெள்ளம் என்பவற்றுக்கு அஞ்சி ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வைப்பதும் வழக்கம்.

கொள்ளளவும் குறைவன்று. 2000 ஆம் ஆண்டில் வந்த முதலாம் தலைமுறை எல்.ரி.ஓ. நாடா 100 கிகாபைற்று கொண்டது. 2021 இல் வந்த ஒன்பதாம் தலைமுறை நாடா 18 தெராபைற்று கொண்டது. அதன் நீளம் ஒரு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம்.

குறைபாடு, தொடர் அணுகல். உங்கள் தந்தையார் கசற்றில் ஐந்தாவது பாட்டைக் கேட்க முதல் நான்கையும் சுற்றிக் கடந்திருப்பார். அதுபோலவே நாடாவின் நடுவிலுள்ள கோப்பொன்றை அடைய ஒரு நிமிடமளவு செல்லலாம். வன்தட்டுக்கு ஒரு கணம் போதும். எனவே அன்றாட வேலைக்கு வன்தட்டு, காப்புக்கு நாடா.

இனி ஒரு கணக்கு. ஓர் அலுவலகம் ஞாயிறு இரவு எல்லாக் கோப்புகளையும் ஒரு நாடாவில் எடுக்கிறது. இது முழுக் காப்பு. மற்ற ஒவ்வோர் இரவும் முந்திய இரவின் பின் மாறியவற்றை மட்டும் தனித்தனி நாடாவில் எடுக்கிறது. இது அதிகரிப்புக் காப்பு. வியாழன் காலை சேவையகம் பழுதடைகிறது. மீட்க எத்தனை நாடாக்கள் வேண்டும்? "புதன் நாடா ஒன்று போதும்" என்று எழுதிவிடாதீர்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என நான்கும் அதே ஒழுங்கில் வேண்டும்.

செவ்வாய் நாடா அறுந்திருந்தால்? திங்கள் இரவு வரையுள்ள தரவை மட்டுமே முழுமையாக மீட்கலாம். அதனாற்றான் எழுதிய நாடாவை இடையிடையே வாசித்துப் பரிசோதிக்கிறார்கள்.