மாரிக்குப்பம் ரெயிலில் வேலை தேடும் வாலிபர்

பொழுது இன்னும் விடியவில்லை. மாரிக்குப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் போகும் ரெயில் புறப்படத் தயாராக நிற்கிறது. ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, மறு கையில் செல்போன். ஆண்களும் பெண்களும் ஓட்டமும் நடையுமாக வருகிறார்கள்.

சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் ஏறும். பங்காருபேட்டை வந்தால் நிற்கவும் இடம் இருக்காது.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்குப் போகிறார்கள். போக ஏறத்தாழ 85 கிலோ மீட்டர், வர 85 கிலோ மீட்டர். பங்களாக்களுக்குக் காவல் இருப்பவர்கள், கம்பெனிகளில் தரை துடைக்கும் தாய்மார்கள், துணிக்கடைச் சிப்பந்திகள், கொத்தனார்கள், என்னைப் போன்ற குமாஸ்தாக்கள். பெரும்பாலும் தமிழர்கள்.

நான் 8 வருடமாக இந்த ரெயிலில் போய் வருகிறேன். நான்கு பேர் முழங்காலில் துண்டை விரித்துப் போட்டுச் சீட்டு ஆடுவார்கள். பூக்கார அம்மா மல்லிகை கட்டிக்கொண்டே தூங்குவார். கை மட்டும் நிற்காது. ஒயிட்பீல்டில் பாதிப் பெட்டி இறங்கிவிடும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வாலிபரை நான் கவனித்து வந்தேன். அவரிடம் சாப்பாட்டு டப்பா இருக்காது. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இருக்கும். வாரத்தில் மூன்று நாள் வருவார், நான்கு நாள் காணமாட்டார். வேலைக்குப் போகிறவர் அல்ல, வேலை தேடிப் போகிறவர் என்று எனக்குப் புரிந்தது. 2025 ஏப்ரலில் ஒரு நாள் பக்கத்தில் இடம் கிடைத்தது. பேச்சுக் கொடுத்தேன்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே போடவில்லை.

பைக்குள் என்ன?

அவருக்கு அப்போது வயது 28. ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவர். ரெயில்வே ஒர்க்‌ஷாப் ஒன்றில் அப்ரண்டிஸ் பயிற்சியும் முடித்திருக்கிறார்.

பையைத் திறந்து காட்டினார். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் பட்டியல், ஐ.டி.ஐ. சான்றிதழ், அப்ரண்டிஸ் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் பத்துப் பத்து ஜெராக்ஸ், ஒரு உறையில் பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள். போட்டோவில் இருப்பவருக்கு அரும்பு மீசை. எதிரே இருப்பவருக்குக் காதோரம் இரண்டு நரை முடி.

"போட்டோ எடுத்து ஆறு வருஷம் ஆகிறது அண்ணா. ஒரே தடவையில் நிறைய பிரிண்ட் போட்டால் மலிவு என்று போட்டுவிட்டேன்" என்று சிரித்தார்.

இவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்து, அதே மண்ணில் புதைக்கப்பட்டவர். தகப்பனாரும் சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது இவருக்கு வயது 4. ஷிப்டுக்கு ஊதும் சங்கைக் கேட்டதாகக்கூட நினைவு இல்லை என்கிறார்.

எனக்கு நினைவு இருக்கிறது. எனக்கு அப்போது வயது 11. என் தகப்பனாரும் அங்கேதான் இருந்தார். மறுநாள் காலை சங்கு ஊதவில்லை. ஆனாலும் அப்பா எழுந்து, குளித்து, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி ஆரம்பித்த சுரங்கம் அது. 121 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து, 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து முதலில் கொடுத்தது தங்கவயலுக்குத்தான். பெங்களூர் நகரத்துக்கு 1905-ல்தான் கிடைத்தது. அந்தச் சுரங்கத்தின் சாம்பியன் ரீப் குழியில் பூமிக்குக் கீழே 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பெங்களூரில் பத்தாவது மாடியின் கண்ணாடியைத் துடைக்கிறார்கள்.

இரண்டு மாநிலம், இரண்டு பரீட்சை

"கர்நாடக சர்க்கார் வேலைக்கு மனுப் போடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"போட்டேன் அண்ணா. கன்னடப் பரீட்சை எழுத வேண்டும். நன்றாகப் பேசுவேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதச் சொன்னால் கை ஓடாது."

"சரி, தமிழ்நாட்டில்?"

"அங்கேயும் தமிழில் பரீட்சை வைக்கிறார்கள். நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். வீட்டில்தான் தமிழ். தப்பித்தவறி எழுதிவிட்டாலும், என் சாதிச் சான்றிதழ் கர்நாடகத்தில் கொடுத்தது. தமிழ்நாட்டு வேலைக்கு அது செல்லாதாம்."

அவர் சொன்னது சரிதான். தமிழ்நாட்டில் 2021-க்குப் பிறகு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாள் கட்டாயம். அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதிலும் இவருக்கு இடம் இல்லை.

இங்கே தமிழன், அங்கே கன்னடத்தான். இரண்டு பாஷையும் பேசுகிறவர், இரண்டிலும் பரீட்சை என்றால் தடுமாறுகிறார்.

2024 ஜூலையில் கர்நாடக மந்திரிசபை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். தனியார் கம்பெனிகளில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும், மற்ற வேலைகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்றது மசோதா. எதிர்ப்பு வந்ததும் இரண்டே நாளில் நிறுத்தி வைத்தார்கள்.

நமது வாலிபர் அந்த மசோதாவைச் செல்போனில் வரி வரியாகப் படித்திருக்கிறார். "இந்த மாநிலத்தில் பிறந்தவன், 15 வருஷம் குடியிருப்பவன், அது வரைக்கும் நான் உள்ளூர்க்காரன்தான் அண்ணா. அதற்கு அடுத்த வரியில் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று இருந்தது. ஒரே வாக்கியத்தில் உள்ளே வந்து, அதே வாக்கியத்தில் வெளியே போய்விட்டேன்" என்றார்.

இந்த இடத்தில் நான் அவரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினேன். மூன்று தலைமுறை ஒரு மண்ணில் இருந்துவிட்டு, அந்த மண்ணின் எழுத்து தெரியாது என்பது நம் குறைதானே? தங்கவயலில் நாம் தமிழ் பேசியே காலம் தள்ளிவிட்டோம். சுரங்கம் இருந்தவரை அது போதுமாக இருந்தது. நானும் பத்தாவது பாஸ்தான். ஆபீசில் சக ஊழியர் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தினமும் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்து, ஒரு வருடத்தில் கன்னடத்தில் கடிதம் எழுதப் பழகினேன். தமிழ் எனக்கு மறந்துவிடவில்லை. மறந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆறு மாதத்தில் படித்துவிடுகிறேன் அண்ணா. படித்தால் வேலை உண்டா, அதைச் சொல்லுங்கள்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஒரே கதவு

மிச்சம் இருப்பது மத்திய சர்க்கார் வேலை. அதிலும் ரெயில்வே. பதினைந்து மொழிகளில் தேர்வு எழுதலாம். எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. எனவேதான் தங்கவயல் வாலிபர்கள் ரெயில்வே, ரெயில்வே என்று உயிரை விடுகிறார்கள்.

அந்தக் கதவு எப்போது திறக்கிறது? இவர் கதையையே கேளுங்கள்.

2019-ல் 'லெவல் 1' வேலைகளுக்கு அறிவிப்பு வந்தது. தண்டவாளப் பராமரிப்பு, ஒர்க்‌ஷாப் உதவியாள் போன்ற கடைநிலை வேலைகள். மொத்தம் 1,03,769 இடம். நாடு முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள். இவர் 250 ரூபாய் கட்டினார். தேர்வுக்குப் போனால் அந்தப் பணம் திரும்பி வரும்.

தேர்வு 2022 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நடந்தது. மனுப் போட்டபோது 22 வயது, எழுதியபோது 25.

"மூன்று வருஷம் என் 250 ரூபாய் சர்க்காரிடம் இருந்தது. கடனுக்கு வட்டி எங்கள் வீட்டில் மாதம் 100-க்கு 3 ரூபாய்" என்று அவர் கணக்குச் சொன்னார். ஒரு கோடிப் பேருடைய பணத்துக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தலை சுற்றியது.

தேர்வில் பாஸ். அடுத்தது உடல் தகுதி. 35 கிலோ மூட்டையைச் சுமந்து 100 மீட்டர் தூரம் 2 நிமிடத்தில் போக வேண்டும். 1,000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடியில் ஓட வேண்டும். இதற்காகச் சயனைடு மேட்டின் ஓரமாக விடியற்காலையில் மணல் மூட்டையோடு ஓடிப் பழகினார். அதிலும் பாஸ். கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை. மார்க் போதவில்லை.

அதற்குப் பிறகு அடுத்த 'லெவல் 1' அறிவிப்பு 2025 ஜனவரியில்தான் வந்தது. இடம் 32,438. மறுபடி மனுப் போட்டார். வயது வரம்பை அந்தத் தடவை 36 ஆக்கியிருந்தார்கள். கொரோனாவில் வீணான காலத்துக்காக 3 வருடச் சலுகை.

ரெயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதை எழுதலாமா என்று என் ஆபீஸ் நண்பர்கள் கேட்பார்கள். நானும் இந்தக் கதவு வழியாக வந்தவன்தான். 23 வயதில் கலாசியாகச் சேர்ந்து, உள்தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன். 2022 ஜனவரியில் வேறொரு ரெயில்வே தேர்வின் முடிவு வந்தபோது, பீகாரில் வாலிபர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கயாவில் ரெயில் பெட்டி எரிந்தது. பெட்டிக்குத் தீ வைத்ததை ஒரு நாளும் சரி என்று சொல்ல மாட்டேன். அது நாளைக்கு அவர்களே துடைத்துப் பராமரிக்க வேண்டிய பெட்டி. ஆனால் மூன்று வருடம் ஒரு முடிவுக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்தபோது தெரிந்தது.

பொழுது போக்கு

வேலை இல்லாதவருக்குப் பொழுது எப்படிப் போகிறது?

காலையில் ரெயில் இல்லாத நாளில் நூலகம். பேப்பர் முழுவதையும் படிப்பார். பிறகு செல்போனில் மாதிரித் தேர்வு. சாயங்காலம் கேரம் போர்டு. தங்கவயல் லைன் வீடுகளில் கேரம் போர்டு இல்லாத தெரு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து. மாதத்தில் ஒரு தடவை கையில் காசு இருந்தால் பங்காருபேட்டையில் இறங்கிப் பானிபூரி. இந்த ஊர்ப் பானிபூரித் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

சினிமா உண்டு. ஊரின் பெயரிலேயே வந்த கன்னடப் படத்தை 2018-ல் முதல் நாளே பார்த்தவர். 2022-ல் வந்த இரண்டாம் பாகம் 1,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் ஆனது. 2024 ஆகஸ்டில் தமிழில் 'தங்கலான்' வந்தது.

"எந்தப் படம் பிடித்தது?" என்றேன்.

"இரண்டும் பிடித்தது அண்ணா. கன்னடப் படத்தில் எங்கள் ஊர் ஆட்களை அடித்து, மிதித்து, அடிமையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பாருங்கள், ஒருத்தன் பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் வேலை இருக்கிறது!"

சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஓட்டுப் போட்டது

அரசியல் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது.

"2018-லிருந்து சட்டசபைக்கு இரண்டு, பார்லிமெண்டுக்கு இரண்டு, ஆக நான்கு முறை ஓட்டுப் போட்டிருக்கிறேன். நான்கு முறையும் எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் சுரங்கத்தைத் திறப்போம் என்றார்கள். கொடி மட்டும்தான் மாறுகிறது."

அந்தக் காலத்தில் தங்கவயல் தொகுதியிலிருந்து ரிபப்ளிகன் கட்சிக்காரரும், அ.தி.மு.க.காரரும் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனது உண்டு. தமிழர் ஓட்டுக்கு அப்போது ஒரு எடை இருந்தது. சங்கம் வைத்துக் கேட்க ஒரு சுரங்கம் இருந்தது. இப்போது காலையில் ஊரைக் காலி செய்து, ராத்திரி தூங்க வருகிறவர்களிடம் யார் பேசுவது, எப்போது பேசுவது?

2024 ஜூனில் ஒரு செய்தி வந்தது. சுரங்கத்தின் கழிவு மண் மேடுகள் 13, ஏறத்தாழ 1,003 ஏக்கர். அவற்றில் மிஞ்சியிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்க ஏலம் விட மாநில மந்திரிசபை சம்மதித்தது. ஊரில் வெடி போட்டார்கள். இவர் போடவில்லை.

"மண்ணை வாருவதற்கு மிஷின் வரும். மிஷினை ஓட்ட ஆள் அதன் கூடவே வருவான். எங்களுக்குத் தூசு வரும். அப்பாவுக்கு ஏற்கெனவே இருக்கிற இரைப்பு போதும் அண்ணா" என்றார்.

கண்டோன்மெண்டில் இறங்கும்போது, அன்றைக்கு எங்கே போகிறார் என்று கேட்டேன். ஒரு காவல் ஏஜென்சியில் இரண்டு மாதம் வேலை செய்த சம்பளம் பாக்கியாம். ஏழாவது தடவையாகக் கேட்கப் போகிறார்.

சாயங்கால ரெயிலில் அவரைத் தேடினேன். கதவோரம் நின்றிருந்தார். சம்பளம் கிடைக்கவில்லை. ஆனால் நரசாபுரம் தொழிற்பேட்டையில் ஆறு மாதக் காண்டிராக்ட் வேலைக்கு வரச் சொல்லிப் போன் வந்ததாம். 2020 டிசம்பரில் சம்பளப் பாக்கிக்காகத் தொழிலாளர்கள் கொந்தளித்து, பாக்டரியையே நொறுக்கினார்களே, அதே தொழிற்பேட்டைதான். கம்பெனி பஸ் ராபர்ட்சன்பேட்டைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும்.

"அப்படியானால் இனிமேல் இந்த ரெயிலில் பார்க்க முடியாது" என்றேன்.

"ஆறு மாதம்தானே அண்ணா. எனக்கு இடம் பிடித்து வையுங்கள்" என்றார்.

உரிகத்தில் இறங்கினார். வண்டி நகர்ந்த பிறகு கூடவே நாலடி ஓடி வந்து, ஜன்னல் பக்கமாகக் கேட்டார்:

"அந்தக் கன்னடப் புத்தகம், நீங்கள் படித்தது, இன்னும் இருக்கிறதா?"

இருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.